'லிம்ப் மோட்' தமிழில் என்ன? வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது

திண்டுக்கல், தொழிற்பயிற்சி ஆசிரியர்

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

டீசல் மெக்கானிக் பிரிவு மாணவர்களுக்குப் பழுதறியும் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் நின்றுவிட்டேன். டர்போ பொருத்திய டீசல் பிக்கப் வண்டி சுமையோடு ஏற்றம் ஏறுகையில் திடீரென்று இழுவையை விட்டுவிடுகிறது. சற்று நேரம் கழித்து எதுவுமே நடக்காதது போல ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுவந்தால் நல்ல பிள்ளையாக நிற்கிறது. இந்தப் பழுதைத் தேடும் முறைதான் அந்தப் பக்கம்.

இரண்டு சொல் வேண்டும். முதலாவது, பழுதின் பெயர். 'இடைவிட்ட திறன் இழப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்க்குள் மணல் அள்ளிப் போட்டது போல இருக்கிறது. இரண்டாவது, லிம்ப் மோட். உணரி (சென்சார்) ஏதாவது தவறான அளவைச் சொன்னால், அல்லது டர்போ தரும் காற்றழுத்தம் கணினி கேட்ட அளவுக்கு மேலோ கீழோ போனால், இயந்திரத்தைக் காப்பாற்ற வண்டியின் கணினி டீசலைக் குறைத்து வேகத்தையும் இழுவையையும் கட்டிப்போடுகிறது. அந்த நிலைக்குப் பெயர். மாணவர்கள் விடைத்தாளில் 'லிம் மோடு', 'லிம்பு மூடு' என்றெல்லாம் எழுதுகிறார்கள். வியாழன் மாலை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்பரே, நற்பணி. ஆனால் இரண்டு சொல் கேட்டு எழுதிய மடலிலேயே டர்போ, டீசல், பிக்கப் என்று மூன்று அயற்சொற்களைத் தெளித்துவிட்டீர்கள். டகரம் மொழிமுதல் வராது என்பது உங்கள் மாணவருக்கும் தெரிந்திருக்கும். வடசொல்லுக்கே வடவெழுத்தை ஒருவி எழுதச் சொன்னவர் தொல்காப்பியர். இலத்தீனத்துக்கு மட்டும் ஏன் சலுகை? தர்போ, தீசல் என்றாவது எழுதுங்கள்.

டர்போவின் வேர் தேடினேன். இலத்தீன மொழியில் 'துர்போ' என்றால் சூறைக்காற்று. பம்பரம் என்றும் பொருள் உண்டு. நம் பம்பரத்தைப் பாருங்கள். பம்புதல் என்றால் செறிதல். அந்தக் கருவி என்ன செய்கிறது? சுழன்று சுழன்று காற்றைச் செறித்து இயந்திரத்துக்கு அனுப்புகிறது. உரோமானியன் சுழற்சியை மட்டும் சொன்னான். தமிழன் சுழற்சியையும் செறிவையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டான். ஆகவே 'பம்பரச்செறிப்பி'.

லிம்ப் மோடுக்குத் 'தளர்நடை' போதும். பெரியாழ்வார் கண்ணனைத் தளர்நடை நடக்கச் சொன்னாரே, அந்தச் சொல்.

நாமக்கல், பட்டறை நடத்துபவர்

ஐயாவுக்கு வணக்கம். உதிரிபாகக் கடையில் போய்ப் பம்பரச்செறிப்பி கேட்டால் பொம்மைக் கடைக்கு வழி சொல்வார்கள். டர்போ டர்போவாகவே இருக்கட்டும்.

நான் நாள்தோறும் காண்பதைச் சொல்கிறேன். கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். சுமை ஏற்றிப் போகும் பிக்கப்காரர் பாதி வழியில் தொலைபேசியில் அழைப்பார்: "அண்ணே, பிக்கப்பில் பிக்கப் இல்லை." இந்த ஒரே சொல் வண்டிக்கும் ஆகிறது, வேகம் எடுப்பதற்கும் ஆகிறது. யாரும் குழம்புவதில்லை. 'திறன் இழப்பு' என்று எந்த ஓட்டுநரும் சொன்னதில்லை. 'இழுவை இல்லை' என்பார்கள். தலைப்பை 'விட்டுவிட்டு இழுவை குறைதல்' என்று வையுங்கள்.

இன்னொன்று. தளர்நடை என்று எழுதினால் கிளட்ச் தேய்ந்துவிட்டது என்று மாணவன் நினைப்பான்.

மதுரை, இயற்பியல் ஆசிரியை

'விட்டுவிட்டு' நல்ல சொல். இழுவை சரியா? வேலை செய்யும் வீதம் திறன். அச்சைத் திருப்புவது திருப்பு விசை. திருப்பு விசையைச் சுழல் வேகத்தால் பெருக்கினால் திறன் கிடைக்கும். கணினி டீசலைக் குறைக்கும்போது முதலில் குறைவது திருப்பு விசை. ஓட்டுநர் 'இழுவை' என்பது பெரும்பாலும் அதைத்தான். ஆக, மக்கள் வழக்கு இந்த இடத்தில் பாடநூலைவிடத் துல்லியமாக இருக்கிறது. எனக்கே வியப்பு.

லிம்ப் மோடுக்கு 'நொண்டு நிலை' என்று யாராவது எழுதுவதற்கு முன்பே என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். பாடுபட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். வண்டிக்காக அந்தப் பழைய சொல்லை வகுப்பறைக்குள் திரும்ப அழைக்க வேண்டாம்.

என் பரிந்துரை 'ஆமைநிலை'. ஆமை மெதுவாகப் போகும்; ஆபத்து என்றால் உறுப்புகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். கணினி செய்வதும் இரண்டையும்தான். "ஒருமையுள் ஆமைபோல் ஐந்தடக்கல்" என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். மின்கார்கள் சிலவற்றில் மின்கலம் தீரும் தறுவாயில் ஆமைப் படமே விளக்காக எரிகிறது.

யாழ்ப்பாணம், மொழிபெயர்ப்பாளர்

எல்லோருக்கும் வணக்கம். நீங்கள் 'திறன்' என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு கணம் தடுமாற்றம். எங்கள் பாடநூல்களில் அது வலு. முன்பு அமைச்சின் பெயரிலேயே மின்வலு இருந்தது. திறன் என்றவுடன் எங்கள் மாணவர் வினைத்திறன் (எஃபிஷியன்சி) என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் அதைப் பயனுறு திறன் என்கிறீர்கள். பிக்கப் என்பதும் இங்கே செய்தித்தாளில் 'கெப் ரக வாகனம்' ஆகிவிடுகிறது. ஒரே மொழி, ஒரே பழுது, இரண்டு அகராதி.

ஒரு பொதுச்சொல்லுக்கு வர இது நல்ல வாய்ப்பு. 'விட்டுவிட்டு வலுக்குறைதல்' என்றால் இரு கரையிலும் விளங்கும். வலு என்பது பேச்சிலும் உங்களிடம் உள்ள சொல்தானே?

தஞ்சாவூர்

'விட்டுவிட்டு' இரட்டைக்கிளவி போல ஒலிக்கும் அடுக்குத்தொடர். கலைச்சொல்லுக்குரிய செறிவு இல்லை. சித்த மருத்துவத்தில் விட்டுவிட்டு வரும் சுரத்துக்கு முறைக்காய்ச்சல் என்று பெயர். அந்த மரபில் 'முறைவலுவிழப்பு' என்று ஆக்கலாம்.

இடையில் ஒன்று கேட்க வேண்டும். வேறொரு கையேட்டில் காமன் ரெயிலுக்குப் 'பொதுத் தண்டவாளம்' என்று போட்டிருக்கிறார்கள். பெருங்கொடுமை! அது எல்லா உட்செலுத்திகளுக்கும் பொதுவாக உயரழுத்த டீசலைத் தேக்கிவைக்கும் தடித்த குழாய் என்று என் பேரன் படம் வரைந்து காட்டினான். தேக்கிவைப்பதால் 'பொதுத்தேக்கி' எனலாம். தேக்கு என்ற வினைக்கும் தேக்கு மரத்துக்கும் உள்ள உறவு குறித்துத் தனியே எழுதுகிறேன்.

மதுரை

ஐயா, முறைக்காய்ச்சல் முறை வைத்து வரும். இந்தப் பழுதுக்கு முறையே கிடையாது, அதுதான் சிக்கல். பொதுத்தேக்கி அருமை. தேக்கு மரத்தைத் தயவுசெய்து தனி இழையில் வளருங்கள்.

நாமக்கல்

சொல் வைப்பதற்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடலாம். 'இழப்பு', 'குறைதல்', 'ஆமை' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறீர்கள். பட்டறையில் நான் முதலில் கேட்பதே இது ஒரே பழுதா, இரண்டா என்றுதான்.

இழுவை போனவுடன் வண்டியை ஓரங்கட்டிச் சாவியை அணைக்கச் சொல்வேன். அரை நிமிடம். உடனே மீண்டும் ஓட்டச் சொல்வேன். முழு இழுவையும் அப்போதே திரும்பிவிட்டால், இயந்திரத்துக்குத் தெம்பு இருக்கிறது, கணினிதான் கையைப் பிடித்திருந்தது என்று அறியலாம். திரும்பவில்லை என்றால் பெரும்பாலும் டீசலோ காற்றோ உண்மையிலேயே போய்ச் சேரவில்லை.

அரை நிமிடம் என்பது முக்கியம். பத்து நிமிடம் நிறுத்தினால் இந்தச் சோதனை பொய் சொல்லும். டீசல் தொட்டிக்குள் உறிஞ்சுகுழாய் வலையில் குப்பை ஒட்டிக்கொண்டிருந்தால், நிறுத்தியதும் அது தானாக உதிர்ந்து கீழே போய்விடும். வண்டி நன்றாக ஓடும். கொஞ்ச தூரத்தில் மீண்டும் ஒட்டும். தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தாலும் இதே கதை. இதைக் கணினியின் வேலை என்று நினைத்து டர்போவையே மாற்றிய ஆட்களை எனக்குத் தெரியும். டர்போ விலை உங்களுக்குத் தெரியும்.

கணினிதான் பிடித்தது என்றால் பேட்டரியைக் கழற்றவே கூடாது. சேமித்துவைத்த பழுதுக்குறியீடு அழிந்துவிடக்கூடும். அந்தக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் போட்டால் பி0299 என்றால் காற்றழுத்தம் போதவில்லை, பி0234 என்றால் மிஞ்சிவிட்டது. போதவில்லை என்றால் டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸைக் கழற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். நிற்கும் வண்டியில் மூடியே இருக்கும். சுமையில் அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். பட்டறையில் நல்ல பிள்ளையாக நிற்பதன் இரகசியம் இதுதான். மிஞ்சிவிட்டது என்றால் டர்போவின் நகரும் இதழ்களில் கரி பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது அவற்றை நகர்த்தும் வெற்றிடக் குழாயும் வால்வும் பழுதாகியிருக்கலாம். எதுவானாலும் ஸ்கேனரை மாட்டியபடியே சுமையோடு ஓட்டி, கணினி கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பதிவு செய்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக்கூடாது.

இந்த இரண்டு நிலைக்கும் இரண்டு பெயர் கொடுங்கள். இல்லையென்றால் கையேட்டால் பயனில்லை.

மதுரை

இதைத்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்! இரண்டு பெயரையும் நம் இலக்கணமே எடுத்து வைத்திருக்கிறது. ஒடுங்குதல் தன்வினை, ஒடுக்குதல் பிறவினை. வடிகட்டி அடைத்து இயந்திரம் தானாக அடங்கினால் 'ஒடுங்கல்'. கணினி அடக்கினால் 'ஒடுக்கல்'. லிம்ப் மோட், 'ஒடுக்குநிலை'. ஆமையை நானே திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தஞ்சாவூர்

மகிழ்ச்சி, மகிழ்ச்சி. மெல்லின ஒற்று வல்லின ஒற்றாகும்போது தன்வினை பிறவினையாவது தமிழின் சிறப்பு: திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு. ஒடுக்குநிலை வினைத்தொகையும் ஆகும். ஒடுக்கிய, ஒடுக்குகின்ற, ஒடுக்கும் நிலை என முக்காலமும் அதில் அடங்கும். எப்போது வரும் என்று தெரியாத பழுதுக்கு இதைவிடப் பொருத்தமான தொகை ஏது?

நாமக்கல்

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒடுங்கல், ஒடுக்கல். நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். கையேடு ஒளிப்படிக்கு ஒளிப்படி எடுக்கப்பட்டு, அதன்மேல் கிரீஸ் கையும் பட்டபிறகு ங் எது, க் எது என்று யார் பார்ப்பார்கள்? அந்த ஓர் எழுத்தை நம்பி ஒருவன் டர்போவைக் கழற்றுவான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டீசல் வடிகட்டி அடைத்தால் பொதுத்தேக்கியில் (பெயரை எடுத்துக்கொண்டேன், ஐயா) அழுத்தம் விழும். கணினி அதைக் கண்டு பி0087 என்று எழுதிவைத்துவிட்டு, தன் பங்குக்கு அதுவும் இழுவையைக் குறைக்கும். ஒடுங்கியதால் ஒடுக்கியது. இதற்கு எந்த வினை?

யாழ்ப்பாணம்

'ஒடுக்குமுறை' என்ற சொல்லோடு வாழ்ந்த மக்களுக்கு ஒடுக்குநிலை என்பது வண்டிச் சொல்லாகக் காதில் விழாது. இது இலக்கணக் குறை அல்ல, ஆனால் என்னால் எங்கள் மாணவரிடம் இதைச் சொல்ல முடியாது. 'காப்பு நிலை' என்று வைத்தால் என்ன? இயந்திரத்தைக் காக்கவே கணினி இதைச் செய்கிறது.

தஞ்சாவூர்

காப்பு என்றவுடன் நூலின் தொடக்கத்தில் வரும் காப்புச் செய்யுளே நினைவுக்கு வருகிறது. வண்டி பிள்ளையாரை வணங்கிவிட்டுப் புறப்படுகிறதா?

நாமக்கல்

ஏற்றத்துக்கு முன்னால் எங்கள் ஓட்டுநர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், ஐயா. என் வாக்கு காப்பு நிலைக்கு.

மதுரை

ஒடுக்குநிலையை விட மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த காரணத்துக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை. காப்பு நிலைக்கே என் வாக்கும், முணுமுணுப்போடு.

திண்டுக்கல்

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு: 'விட்டுவிட்டு இழுவை குறைதல்'. முதல் வரியில் ஒருமுறை மட்டும் 'திறன், வலு' என்று இரண்டையும் கொடுத்திருக்கிறேன். லிம்ப் மோட் 'காப்பு நிலை' ஆகிவிட்டது. தானாகக் குறைவது 'ஊட்டக்குறை'. டீசலோ காற்றோ குறைவாகப் போகிறது என்று அதிலேயே தெரிகிறது. 'ஊட்டக்குறையால் வந்த காப்பு நிலை' என்று மூன்றாவது வகையையும் எழுத முடிகிறது. நாமக்கல் அண்ணன் சொன்ன அரை நிமிடச் சோதனையைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். பொதுத்தேக்கி சேர்ந்திருக்கிறது. டர்போ டர்போவாகவே நிற்கிறது.

தஞ்சாவூர்

பொதுத்தேக்கிக்கு நன்றி. டகரத்துக்கு என் வருத்தம் பதிவில் இருக்கட்டும். 'ஊட்டக்குறை' சத்துணவுத் துறையின் சொல் போல் தொனிக்கிறதே என்று அச்சாகும் முன் யாரும் கேட்கவில்லையா?

யாழ்ப்பாணம்

வலு முதல் வரியில் மட்டும் என்றால் அது விருந்தாளி. அடுத்த பதிப்பில் தலைப்புக்கு வருவேன். அது நிற்க, இன்டர்கூலருக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்?

மதுரை

தயவுசெய்து புதிய இழையில்.