உள்நுழைந்த பின் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை: 'ஹெடர் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டது'

கேள்வி:
வணக்கம். இணையப் பக்கங்களுக்கான நிரல்மொழியான பிஎச்பி கற்கத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகப் பதிவேடு ஒன்று எழுதுகிறேன். கடவுச்சொல் சரியென்றால் பட்டியல் பக்கத்துக்குப் போக வேண்டும். வீட்டுக் கணினியில் ஸாம்ப் (கணினியையே சர்வராக்கும் மென்பொருள்) வைத்து ஓட்டினால் போகிறது. சர்வரில் ஏற்றியதும் மேற்கண்ட எச்சரிக்கையோடு அங்கேயே நின்றுவிடுகிறது. பக்கத் தலைப்பு, படிவம், அதற்குக் கீழே கடவுச்சொல் சோதனை என எல்லாம் ஒரே கோப்பில்தான். மூன்று இரவுகள் போய்விட்டன. உதவுங்கள்.

பதில் 1:
எச்சரிக்கையிலேயே வெளியீடு எங்கே தொடங்கியது என்று கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்குமே, அது என்ன?

கேட்டவர்:
உள்நுழைவுக் கோப்பின் தொடக்கத்தையே காட்டுகிறது.

பதில் 2:
முதல் வரியில், வெளியீட்டைத் தேக்கிவைக்கும் ஓபி_ஸ்டார்ட் போடுங்கள், சரியாகிவிடும்.

பதில் 1:
எச்சரிக்கை மறையும், ஆனால் கோப்பின் குழப்பம் அப்படியே இருக்கும். தொடங்கும்போதே இந்தப் பழக்கம் வேண்டாம் என்பேன். சர்வர் முதலில் ஹெடரை (பக்கத்துக்கு முன் போகும் குறிப்புகளை) அனுப்பும், பிறகுதான் பக்கத்தை. நீங்கள் எச்டிஎம்எல்லில் (பக்கத்தை அமைக்கும் குறிமொழி) ஓர் எழுத்தை அனுப்பினாலும் ஹெடர் புறப்பட்டுவிடும். 'வேறு பக்கத்துக்குப் போ' என்று அதன் பிறகு சொல்ல வழியில்லை. ஸாம்ப் அமைப்பில் வெளியீட்டை 4096 பைட் வரை தேக்கிவைப்பதால் வீட்டில் பிழை தெரியவில்லை. உங்கள் சர்வரில் அந்தத் தேக்கம் இல்லை போலிருக்கிறது.

கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். படிவத்தை வாங்குவது, சோதிப்பது, திருப்பி அனுப்புவது எல்லாம் முதல் கோப்பில். அதில் ஓர் எச்டிஎம்எல் குறிச்சொல்கூட இருக்கக் கூடாது. அது கடைசியில் இரண்டாவது கோப்பைச் சேர்க்கட்டும். பக்கம் முழுவதும் அங்கே இருக்கும். மாறிகளை அச்சிடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. வேறு பக்கத்துக்கு அனுப்பும் லொக்கேஷன் ஹெடருக்கு அடுத்த வரியில், ஓட்டத்தை நிறுத்தும் எக்ஸிட் கட்டாயம். இல்லையென்றால் மீதி நிரலும் ஓடும்.

கேட்டவர்:
பிரித்துவிட்டேன். இப்போது தரவுத்தள இணைப்புக் கோப்பின் கடைசி வரியைக் காட்டுகிறது! அதில் எச்டிஎம்எல்லே இல்லை.

பதில் 3:
அந்தக் கோப்பின் முடிவில் ?> என்ற மூடுகுறி இருக்கிறதா? அதற்குப் பின் வெற்று வரிகள் உண்டா? ஒட்டி வரும் ஒரு வரிமுறிவை பிஎச்பி விழுங்கிவிடும். அதற்கு மேல் இருந்தால் அதுவும் வெளியீடுதான். பிஎச்பி மட்டுமே உள்ள கோப்பில் அந்த மூடுகுறியே தேவையில்லை. எடுத்துவிடுங்கள்.

கேட்டவர்:
இரண்டு வெற்று வரிகள் இருந்தன. மூடுகுறியோடு அவற்றையும் நீக்கினேன். சர்வரில் பட்டியல் பக்கம் திறந்துவிட்டது. மிக்க நன்றி.

பதில் 1:
மகிழ்ச்சி. இரண்டாவது கோப்பில் நூல் பெயர்களை அச்சிடும் இடங்களில், சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாகக் காட்டவைக்கும் எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் போட்டிருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள்.