புதுப்பிப்பு: பிராங்க்பர்ட் – அபுதாபி டிக்கெட் போட்டாச்சு

ஜனவரியில் ஹைம்டெக்ஸ்டில் என்கிற வீட்டு ஜவுளிக் கண்காட்சி முடிந்ததும் பிராங்க்பர்ட்டிலிருந்து அபுதாபி போய், மச்சானைப் பார்த்துவிட்டு கரூர் திரும்ப வழி கேட்டிருந்தேன். இஸ்தான்புல் வழியாகத் தனித்தனி டிக்கெட் மலிவு என்று கணக்குப் போட்டிருந்தேன். "முதல் விமானம் தாமதமானா ரெண்டாவது டிக்கெட் போச்சுங்க" என்று ஒருவர் எழுதியது உறைத்தது. பெட்டியையும் நடுவில் வெளியே எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்குத் துருக்கி விசா வேறு. திரைச்சீலை சாம்பிள் மூட்டையோடு அது ஆகிற காரியமா?

சரி, நேரடி விமானமே போட்டுவிட்டேன். சுமார் 6 மணி நேரம். குளிர்காலத்தில் அபுதாபி கடிகாரம் 3 மணி நேரம் முன்னால் ஓடுவதால், காலை 11-க்கு ஏறினால் இறங்கும்போது இரவு 8. அமீரக விசா இங்கேயே எடுத்தாச்சு. அப்புறம், ஊர் திரும்பும் கோவை விமானம் ஷார்ஜாவிலிருந்து; அபுதாபியிலிருந்து அங்கே போகச் சாலையில் 2 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மச்சான் கார் ஓட்டுவதை நினைத்தால்தான் பயம்.