புதுப்பிப்பு: பாத்ரூம் டைல் இடைவெளி, 3 மி.மீ. என்று முடிவாகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: பாத்ரூம் தரைக்கு 300-க்கு 300 மி.மீ. ஆன்டி ஸ்கிட் டைல் வாங்கியாயிற்று, மேஸ்திரியோ இடைவெளியே வேண்டாம், ஒட்டிப் போட்டால்தான் அழகு என்கிறார், என்ன செய்வது என்று.

3 மி.மீ. வைத்தாயிற்று. முடிவைச் சொன்னது டைல்தான். வெவ்வேறு பெட்டியிலிருந்து பத்து டைல் எடுத்து அளந்தேன். பெரியதற்கும் சிறியதற்கும் கிட்டத்தட்ட 1 மி.மீ. வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் போல மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும் என்பது கணக்கு. ஒட்டிப் போட்டிருந்தால் நாலைந்து டைலுக்குள்ளேயே கோடு விலகியிருக்கும். மேஸ்திரியிடம் இரண்டு டைலை முதுகோடு முதுகாக நிறுத்திக் காட்டினேன். "சரி சார், ஸ்பேசர் வாங்கிட்டு வாங்க" என்றார். (இடைவெளி ஒரே அளவாக இருக்க டைல்களுக்கு நடுவே வைக்கும் சின்னத் துண்டுதான் ஸ்பேசர்.) அவ்வளவுதான் விவாதம்.

எதிர்பார்க்காத இன்னொரு லாபம், வாட்டம். தண்ணீர் போகும் ஜாலியை நோக்கித் தரை சரியும் இடத்தில் டைல் விளிம்புகள் கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். ஒட்டிப் போட்டால் அது காலில் தட்டும், 3 மி.மீ. இடைவெளியில் தெரியவே இல்லை.

அப்புறம், அந்த இடைவெளியை நிரப்பும் கலவையாக (கிரவுட்) எபாக்சி என்ற ரெசின் வகையைத்தான் போட்டோம். சிமென்ட் கிரவுட்டைவிட விலை கூடுதல், ஆனால் தண்ணீரை உறிஞ்சாது. ஒரு மூலையில் உடனே துடைக்காமல் விட்டதில், சொரசொரப்பான டைல்மேல் படலமாகப் பிடித்துக்கொண்டது. இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறம் வாங்கலாம் என்றது என் மனைவி. அதற்கு மட்டும் வீட்டில் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.