‘தி கோல்ட் ரஷ்’: ஜார்ஜியா மனம் மாறுவது எந்த இடத்தில்?

சாப்ளினின் ‘தி கோல்ட் ரஷ்’ படத்துக்குக் கதாபாத்திரக் குறிப்பு எழுதும்போது நடன விடுதிப் பெண் ஜார்ஜியாவிடம் சிக்கி நிற்கிறேன். நாடோடி (சாப்ளின்), அவனுடைய கூட்டாளி பிக் ஜிம் இருவரிடமும் சிக்கலே இல்லை. ஒருவனுக்குப் பசியும் தனிமையும், மற்றவனுக்குத் தங்கச் சுரங்கம்.

பார்த்தவை: 1925 மௌனப் பதிப்பு, 1942இல் சாப்ளினே குரல் கொடுத்து வெட்டிச் சுருக்கிய பதிப்பு. குழப்பம், புத்தாண்டு இரவுக்குப் பிறகு ஜார்ஜியா எழுதும் மன்னிப்புக் கடிதத்தில்தான். 1942இல் அது நேராக நாடோடிக்கே எழுதப்பட்டது. அவள் மனம் அப்போதே கனிந்துவிட்டது, கதை நேர்கோடு. 1925இலோ அவள் எழுதுவது அவளைச் சுற்றிவரும் ஜாக்குக்கு, காதலிப்பதாகவும் சொல்லி. அவன் அதைக் கேலிக்காக நாடோடியிடம் அனுப்பிவிடுகிறான். நாடோடி அவளைத் தேடிப்போய், கோடீஸ்வரனாகத் திரும்பி வருவேன் என்று சொல்வதற்குள் பிக் ஜிம் அவனை இழுத்துப்போய்விடுகிறான். அதற்கடுத்து அவர்கள் சந்திப்பது கப்பலில்தான். அங்கே, திருட்டுப் பயணி என்று நினைத்து அவனை ஒளிக்கிறாள், கட்டணம் கட்டவும் முன்வருகிறாள். அவன் கோடீஸ்வரன் என்று தெரியும் முன்பே! ஆகவே பண ஆசை என்ற விளக்கம் எடுபடாது.

முந்தைய காட்சிகளையும் சலித்துவிட்டேன். முதல் நடனம் ஜாக்கை வெறுப்பேற்ற. தலையணைக்கடியில் தன் படத்தைக் கண்டதும் தோழிகளோடு சிரிப்பு. புத்தாண்டு இரவில், நாடோடி அவளுக்காக அடுக்கிவைத்து வீணாய்க் காத்திருந்த விருந்து மேசையையும் பரிசுகளையும் பார்த்து முகம் மாறுகிறது, ஜாக்கை அறைகிறாள். ஆனால் அந்தக் கடிதம் வருவது இதற்குப் பிறகு என்பதுதான் இடிக்கிறது.

1925 பதிப்பை மட்டும் வைத்துச் சொல்லுங்கள்: கப்பலில் அவளை இயக்குவது காதலா, குற்ற உணர்வா? எந்த ஷாட்டை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்?