ராக்கெட் தீவு ஓரமா பாய் விரிச்சு வந்த ராத்திரி

ராக்கெட் விடுற ஸ்ரீஹரிக்கோட்டா தீவு பக்கம் சின்னப் படகுல போய் மாட்டிக்கிட்டவங்க எழுதுங்கன்னு கேட்டிருந்தீங்க. நான் அதுக்குத் தெற்கே இருக்கிற பழவேற்காட்டுக்காரன். இது 2019 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

அன்னைக்கு நடுராத்திரி தாண்டி 2.51க்கு சந்திரயான்-2 கிளம்பணும். குப்பத்துல எல்லாருக்கும் தெரியும். ராக்கெட் விடுறப்ப ஏவுதளத்தைச் சுத்தி 10 கடல் மைலுக்குள்ள, அதாவது பதினெட்டரை கிலோமீட்டருக்குள்ள, ஒரு படகும் இருக்கக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிடலாம்னு மாமாவும் நானும் முகத்துவாரம் தாண்டி வடக்கே போய் வலை விட்டோம்.

வலை வாங்கும்போது கயிறு இஞ்சின் காத்தாடியில சுத்திக்கிச்சு. அறுத்து எடுத்தா உள்ளே காத்தாடியைத் தண்டோட பிடிச்சு வைக்கிற பின் (ஊசி) உடைஞ்சிருக்கு. மாத்துப் பின் எடுத்து வரலை. நீரோட்டமோ வடக்கே தள்ளுது. இருட்டினதும் ஏவுதளத்து விளக்கு வெளிச்சம் தெரிஞ்சுது. ஒவ்வொரு தடவை நிமிர்ந்து பார்க்கும்போதும் அது கொஞ்சம் பெரிசாத் தெரிஞ்சதுதான் எனக்குப் பயம்.

கடல்ல அந்த 10 மைலுக்கு அடையாளம் ஒண்ணும் கிடையாது. மிதவை இல்லை, கொடி இல்லை. கரையில சவுக்குத் தோப்பு கறுப்பா நீண்டு கிடக்கும், அவ்வளவுதான். அந்தத் தீவுலேருந்து பக்கிங்காம் கால்வாய் வழியா மெட்ராசுக்கு விறகு போன காலத்தை மாமா அவங்க தாத்தா வாயால கேட்டிருக்கார். 1971 அக்டோபர் 9ல அங்கே முதல் ராக்கெட் விட்டாங்க. தீவுல இருந்த யானாதி பழங்குடி ஜனங்கள்ல நிறைய பேர் வெளியே வர வேண்டியதாச்சு.

மாமா படகு முன்னறையிலேருந்து நீலத் தார்ப்பாயில தைச்ச சின்னக் காத்துப் பாயை எடுத்து மூங்கில்ல கட்டினார். ராத்திரி ஆனதும் மேற்கேருந்து கரைக்காத்து கிளம்புச்சு. துடுப்பைச் சுக்கான் மாதிரி பிடிச்சுக்கிட்டு, “லைட் ஹவுஸ் வெளிச்சம் வலது கைப்பக்கமே இருக்கணும்டா, விட்டுடாதே”ன்னார். படகு தெற்கே திரும்பினதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பதினோரு மணி இருக்கும், ரோந்துப் படகு வந்துச்சு. அவங்க அடிச்ச டார்ச் வெளிச்சம் பாய்க்குப் பின்னால விழுந்ததும், வலை நூலால போட்ட தையல் ஓட்டை ஒவ்வொண்ணும் வெள்ளைப் புள்ளியா மின்னுச்சு. அது இன்னும் என் கண்ணுலயே நிக்குது. “ஏ ஊரு?”ன்னு தெலுங்குல கேட்டாங்க. மாமா தெலுங்குலயே பதில் சொல்லி, மீனவர் அட்டையையும் உடைஞ்ச பின்னையும் காட்டினார். கட்டி இழுக்கட்டுமான்னு கேட்டாங்க. காத்து இருக்கு, போயிடுவோம்னார் மாமா. தண்ணி பாட்டில் ரெண்டு குடுத்துட்டு, எல்லை தாண்டுற வரைக்கும் மெதுவா பின்னாலயே வந்தாங்க. திட்டலை, மிரட்டலை. அவங்களுக்கு நன்றி சொல்லத்தான் முக்கியமா இதை எழுதுறேன்.

எல்லைக்கு வெளியே வந்ததும் பாயை இறக்கிட்டு வடக்கேயே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். நல்ல நிலா. 2.51 ஆச்சு. மூணு ஆச்சு. ஒண்ணுமே இல்லை. என்னமோ ஏதோன்னு வயிறு கலங்குச்சு. விடிஞ்சு கரை சேர்ந்தப்புறம் டீக்கடையிலதான் தெரிஞ்சுது, 56 நிமிஷம் பாக்கி இருக்கும்போதே கோளாறுன்னு நிறுத்திட்டாங்களாம். 22ஆம் தேதிக்குத் தள்ளிப் போச்சு, அன்னைக்கும் தொழில் இல்லை. ராக்கெட் மேல எனக்குக் கோபம் இல்லை, பெருமைதான். ஆனா படகை எடுக்காதேன்னு சொல்ல எத்தனை பேர் வர்றாங்களோ, ராக்கெட் நின்னுடுச்சு, இனி போகலாம்னு சொல்லவும் அத்தனை பேர் வரணும். எங்களுக்கு ஒரு நாள் தொழில்னா ஒரு நாள் அடுப்பு.

வடக்கே போறவங்க ஜிபிஎஸ்ல ஏவுதளத்தை ஒரு புள்ளியா போட்டு வச்சுக்குங்க, தூரம் 12 மைல் காட்டும்போதே திரும்பிடுங்க. மாத்துப் பின் கட்டாயம் வேணும்.

*

தம்பி, நான் பழவேற்காடு ஏரிக்குள்ள உள்ள இருக்கம் தீவுல பிறந்தவ. ஊரு ஆந்திராவுல, பேச்சு தமிழ்ல. நீங்க சொன்ன அந்த 22ஆம் தேதி மத்தியானம் 2.43க்கு அப்பா கூட ஏரியில தோணியில இருந்தேன். சவுக்குக்கு மேல நெருப்பு ஏறினது முதல்ல தெரிஞ்சுது. சத்தம் இல்லை. அப்பா கழி ஊனுறதை நிறுத்திட்டார். தண்ணி அசையாம கிடந்துச்சு. நெருப்பு எட்டாத உயரம் போனப்புறம்தான் சத்தம் வந்துச்சு. கழியைப் பிடிச்சிருந்த கை அதிர்ந்துச்சு, மீன் கூடை மேல வச்சிருந்த சில்வர் தட்டு கிணுகிணுன்னுச்சு. அப்பா ஒண்ணும் பேசாம கும்பிட்டார். அந்தத் தார்ப்பாய் இன்னும் இருக்கா?

*

இருக்குக்கா. கிழிஞ்ச இடத்துல மாமா ரெண்டு தடவை ஒட்டுப் போட்டுட்டார். முன்னறையிலதான் கிடக்கு. பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதுல ஆறு பின்.