லாங் ஆர்ம் குயில்டிங் மெஷின்: பின்பக்கம் தள்ளும்போது மட்டும் மேல்நூல் அறுகிறது

கேள்வி

வணக்கம். 18 அங்குல லாங் ஆர்ம் (ஃபிரேமில் கட்டிய மூன்று அடுக்கு குயில்ட்டின் மேல் தலையை ஓட்டித் தைக்கும் மெஷின்), 10 அடி ஃபிரேம், ஸ்டிச் ரெகுலேட்டரில் (தையல் நீளத்தைச் சீராக வைக்கும் கருவி) அங்குலத்துக்கு 10 தையல். மேல்நூல் 40 நம்பர் பளபளப்பு பாலியஸ்டர், பாபினில் 60 நம்பர் பாலியஸ்டர். ஊசி 134 வகை, 14 நம்பர், புதியது. மேல்துணி காட்டன், அதில் சில இடங்களில் பசை வலை வைத்து இஸ்திரி போட்டு ஒட்டிய அப்ளிக் பூக்கள் (வெட்டி ஒட்டிய துணித் துண்டுகள்). நடுவில் 80/20 காட்டன் பேட்டிங் (பஞ்சு அடுக்கு). அடித்துணி தனியாக வாங்கவில்லை. 600 த்ரெட் கவுண்ட் கிங் சைஸ் பெட்ஷீட் ஒன்றையே போட்டிருக்கிறேன்.

மெஷின் தலையை என் பக்கம் இழுக்கும்போதும் இடவலமாக ஓட்டும்போதும் தையல் நன்றாக விழுகிறது. பின் ரோலர் பக்கம் தள்ளினால் மட்டும் 5, 6 அங்குலத்துக்குள் மேல்நூல் அறுந்துவிடுகிறது. அறுவதற்கு முன் இரண்டு மூன்று தையல் விட்டுப்போகிறது. மேல் டென்ஷனைத் தளர்த்திக்கொண்டே வந்தேன். இப்போது அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது, அறுவதோ நிற்கவில்லை. அடுத்து எதைப் பார்ப்பது?

பதில் 1

டென்ஷன் குமிழை இனி தொடாதீர்கள். டென்ஷன் அதிகம் என்றால் எந்தப் பக்கம் ஓட்டினாலும் அறுக்கும். ஒரே திசையில் மட்டும் அறுக்கிறது, அதற்கு முன் தையல் விடுகிறது என்றால் ஊசி வளைகிறது என்று அர்த்தம்.

வீட்டுத் தையல் மெஷினில் துணி ஒரே திசையில்தான் நகரும். லாங் ஆர்மில் துணி அசையாது, தலைதான் எல்லாத் திசையிலும் ஓடுகிறது. ஊசி துணிக்குள் இருக்கும் நேரத்திலும் தலை நகர்ந்துகொண்டே இருப்பதால் ஊசி முனை கொஞ்சம் பின்தங்கும். உங்கள் மெஷினில் பாபின் முன்பக்கம் இருந்தால் ஹூக்கின் (பாபினைச் சுற்றி ஓடி மேல்நூல் வளையத்தைப் பிடிக்கும் கொக்கி) மூக்கு ஊசிக்குப் பின்னால்தான் கடக்கும். தலையைப் பின்னால் தள்ளும்போது துணியில் மாட்டிய ஊசி முனை முன்பக்கமாக, அதாவது ஹூக்கை விட்டு விலகி நிற்கும். மூக்கு நூல் வளையத்தைப் பிடிக்காமல் போனால் தையல் விடும். பாதி பிடித்தால் நூலின் இழையைக் கிழிக்கும். உங்களுக்கு இரண்டும் நடக்கிறது.

ஊசியை இவ்வளவு வளைப்பது மூன்று விஷயங்கள். 14 நம்பர் ஊசி இந்த வேலைக்கு ஒல்லி. 600 த்ரெட் கவுண்ட் பெட்ஷீட்டில் இழைகளுக்கு நடுவே இடமே இல்லை, ஊசியைக் கவ்விப் பிடிக்கும். மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: குயில்ட்டை ஃபிரேமில் பறை மாதிரி இறுக்கிக் கட்டியிருக்கிறீர்களா?

அடியில் கைவிட்டு ஒரு விரலை மேலே தள்ளுங்கள். அந்த விரல் நுனியை மேலிருந்து மறுகையால் துணியோடு சேர்த்துப் பிடிக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் ராட்செட்டை (ரோலரைப் பூட்டும் பற்சக்கரம்) ஒரு பல், இரண்டு பல் தளர்த்துங்கள். பக்கவாட்டுக் கிளிப்புகளையும் அப்படியே. துணி லேசாகத் தொய்ந்தால் தையல் கெட்டுவிடும் என்று பயந்துதான் பலரும் இறுக்குகிறார்கள். லாங் ஆர்மில் இறுக்கம்தான் கெடுக்கும்.

ஊசியை 16க்கு அல்ல, நேராக 18க்கு மாற்றுங்கள். டப்பாவில் எம்.ஆர். 4.0 என்று போட்டிருந்தால் அதுதான் 110/18. எம்.ஆர். 3.5 என்றால் 100/16.

பதில் 2

அக்கா, ஊசியை மாத்தும்போது ஒண்ணு கவனிங்க. 134 ஊசிக்குத் தண்டு முழு உருண்டை. வீட்டு மெஷின் ஊசி மாதிரி ஒரு பக்கம் தட்டையா இருக்காது, அதனால எந்தக் கோணத்துலயும் உள்ளே போயிடும். நீளமான காடி உங்களைப் பார்த்து இருக்கணும், காதுக்கு மேல இருக்கற குழிவு பின்பக்கம். ஊசியை முட்டற வரைக்கும் மேலே ஏத்துங்க. காதுக்குள்ள ஒரு குண்டூசியைக் குறுக்கே விட்டா அது நேரா உங்களை நோக்கி நீட்டிக்கிட்டு நிக்கணும். இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ஞ்சிருந்தா ஊசி திரும்பியிருக்கு. திருகை முழுசா இறுக்கினப்புறம் மறுபடி ஒரு தடவை பாருங்க, இறுக்கும்போதே கொஞ்சம் திரும்பிடும்.

அறுந்த நூல் முனையை வெள்ளைத் தாள் மேல வெச்சுப் பாத்தீங்களா? துடைப்பம் மாதிரி பிரிஞ்சிருந்தா உராய்வு: ஊசிக்காது சின்னது, இல்லேன்னா எங்கேயோ பிசிறு. கத்தரியால வெட்டின மாதிரி இருந்தா ஹூக்குலயோ ஊசித்தட்டுலயோ கூரான விளிம்பு. சுருள் சுருளா இழுபட்டு இருந்தா டென்ஷன், இல்லேன்னா நூல் வர்ற வழியில எங்கேயோ சிக்குது.

கேட்டவர்

முனை துடைப்பம் மாதிரிதான் இருக்கிறது. குயில்ட்டும் இறுக்கம்தான், கீழிருந்து விரலைப் பிடிக்கவே முடியவில்லை. குண்டூசி வைத்துப் பார்த்தேன், இடப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது. இன்னொரு சந்தேகம்: கெட்டுப்போன டென்ஷனை எங்கிருந்து சரி செய்ய ஆரம்பிப்பது?

பதில் 1

பாபினிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது நிலையாக இல்லாமல் மேல் டென்ஷனைத் திருகுவது வீண்வேலை. முதலில் பாபின் கேஸின் தகட்டு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டு மூலையை விட்டு இழுங்கள். ஒரு சின்னப் பஞ்சு உருண்டை அங்கே ஒளிந்திருந்தாலும் எல்லா அளவும் பொய்யாகிவிடும். டோவா கேஜ் (பாபின் நூலின் இறுக்கத்தை அளக்கும் கருவி) இருந்தால் 180 முதல் 220க்குள் வையுங்கள். 60 நம்பர் நூலுக்கு 200 போதும். கேஜ் இல்லையென்றால் நூலைப் பிடித்து கேஸைத் தொங்கவிட்டு மணிக்கட்டால் லேசாக ஒரு வெட்டு வெட்டுங்கள். ஓரிரு அங்குலம் இறங்கி நிற்க வேண்டும். கடகடவென்று தரை வரை போனால் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். திருகைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

பிறகு மேல் டென்ஷன். இப்போது அடியில் வளையம் தொங்குவதால், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிக்கொண்டே வாருங்கள். குயில்ட்டின் ஓரத்தில் மிஞ்சிய பேட்டிங் மேல் இரண்டு துண்டுத் துணி வைத்து ஒரு வட்டம், ஒரு கூர்முனை ஓட்டிப் பாருங்கள். நேர்கோடு எப்போதும் நன்றாகத்தான் தெரியும், குறை வளைவில்தான் வெளியே வரும்.

பதில் 3

மேலே சொன்னதோடு இரண்டு விஷயம்.

பளபளப்பு பாலியஸ்டர் கோனிலிருந்து தானாக நழுவி, கோனின் காலடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அடுத்த இழுப்பில் அறுந்துவிடும். கோனுக்கு வலையுறை போடுங்கள். கம்பத்தின் நூல் வளையம் கோனின் நட்ட நடு உச்சிக்கு நேராக, கோன் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு உயரத்தில் இருக்கட்டும். நூல் வரும் வழியில் உள்ள மூன்று துளைத் தகட்டில் நூலை மூன்றிலும் கோத்திருந்தால் ஒன்றைக் குறைத்துப் பாருங்கள்.

14 நம்பர் ஊசிக்கும் இந்த நூலுக்கும் பொருத்தமில்லை என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஓரடி நூலை வெட்டி, கழற்றிய ஊசியில் கோத்து, இரண்டு முனையையும் பிடித்துச் சாய்வாக நீட்டுங்கள். ஊசி தன் எடையிலேயே வழுக்கிக் கீழே வர வேண்டும். நடுவில் நின்றால் காது போதவில்லை. பத்து விநாடி வேலை, புது நூல் வாங்கும்போதெல்லாம் செய்யலாம்.

கேட்டவர்

செய்தாயிற்று. 18 நம்பர் ஊசி, குண்டூசி வைத்து நேராக்கினேன். ராட்செட் இரண்டு பல் தளர்வு. பாபின் 200. பின்பக்கம் தள்ளி முழு நீளத்துக்கு நான்கு வரிசை ஓட்டினேன், ஒரு தடவைகூட அறவில்லை, தையலும் விடவில்லை. ஒட்டிய அப்ளிக் மேல் போகும்போது மட்டும் இன்னும் அறுக்கிறது, அதுவும் பத்து, பன்னிரண்டு பூ தாண்டிய பிறகு. ஹூக் டைமிங் போய்விட்டதா?

பதில் 2

டைமிங் இல்லை அக்கா. டைமிங் போயிருந்தா அப்ளிக், வெறும் துணின்னு பாக்காம எல்லா இடத்துலயும் தையல் விடும். ஊசி கீழே போய்த் திரும்பி ஏற ஆரம்பிச்சதும், ஹூக் மூக்கு காதுக்குக் கொஞ்சம் மேலே, குழிவோட நடுவுல கடக்கணும். ஊசிக்கும் மூக்குக்கும் நடுவுல ஒரு காகிதக் கனம்தான் இடைவெளி. ஊசித்தட்டைக் கழட்டி, கையால சக்கரத்தைச் சுத்தி இதைப் பாத்துக்கலாம். பாக்கறதோட நிறுத்திக்கோங்க. ஹூக் திருகுகளைத் தளர்த்தறதை மெக்கானிக் வரும்போது வெச்சுக்கலாம்.

உங்களுக்கு நடக்கறது பசை. ஓடற வேகத்துல ஊசி சூடாகும், அந்தச் சூட்டுல பசை இளகி ஊசித்தண்டுலயும் காதுலயும் ஒட்டும். பத்துப் பூ வரைக்கும் தாங்கி, அப்புறம் அறுக்குதுன்னா காரணம் அதுதான். ஊசியை விரலால தடவுங்க, பிசுபிசுன்னு இருக்கும். ஸ்பிரிட்டுல நனைச்ச பஞ்சால துடைங்க, காதுக்குள்ள நனைச்ச நூலை விட்டு இழுங்க. பூ மேல போகும்போது வேகத்தைப் பாதியாக் குறைங்க. டைட்டானியம் பூச்சு ஊசியில பசை அவ்வளவா ஒட்டாது, இந்த குயில்ட்டுக்கு அது ரெண்டு வாங்கி வெச்சுக்கலாம்.

பதில் 1

பசை பற்றிச் சொன்னது சரி. தட்டைக் கழற்றும்போதே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஒல்லி ஊசி இத்தனை நாள் வளைந்து ஓடியிருக்கிறது, ஊசித்தட்டின் துளையிலோ ஹூக் மூக்கிலோ இடித்திருக்கலாம். பழைய நைலான் சாக்ஸ் துண்டை துளை விளிம்பைச் சுற்றியும் மூக்கின் மேலும் மெதுவாக இழுங்கள், பிசிறு இருந்தால் இழை மாட்டும். தட்டில் என்றால் 1000 நம்பர் எமரித்தாளைச் சுருட்டித் துளைக்குள் விட்டு நாலு தடவை தேய்த்தால் போதும். ஹூக் மூக்கில் என்றால் தேய்க்காதீர்கள், முனை மழுங்கினால் வளையத்தைப் பிடிக்காது. முடித்ததும் தூசு துடைத்து, ஹூக் ஓடும் தடத்தில் ஒரே ஒரு சொட்டு எண்ணெய். முதல் அரை மீட்டரைப் பழைய துணியில் ஓட்டிவிட்டு குயில்ட்டுக்குப் போங்கள், இல்லாவிட்டால் எண்ணெய்க் கறை பூ மேல் விழும்.