மறு: [கலைச்சொல்] நனவின் எல்லையா, விளிம்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> எல்லை என்ற சொல் இருக்கும்போது இன்னொரு சொல் எதற்கு?

மனித மனத்தின் அறிதல் முடிகிற இடத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுமத்தில் பேசிவருகிறோமே, அதில் பழனி ஐயா கேட்ட கேள்வி இது. ஒரு சொல் போதாது என்பதுதான் என் கருத்து. கொடைக்கானல் அம்மா மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் மெய்யியல் பாடத்தில், மனிதரின் அறிதல் எங்கே நின்றுபோகிறது என்பதும், அங்கே நிற்கிற ஆள் எப்படி வளர்கிறார் என்பதும் ஒரே அத்தியாயத்தில் வருகின்றன. இரண்டு இடத்திலும் 'எல்லை' என்றே போட்டால் நகரக்கூடியதும் நகராததும் ஒன்றாகிவிடும். படிக்கிற பிள்ளை எதை முயன்று பார்ப்பது, எதன்முன் அமைதியாக நிற்பது என்று தெரியாமல் திண்டாடும்.

முதலில் 'கான்ஷியஸ்னஸ்' (consciousness) என்பதற்கான அடிச்சொல்லை முடிவு செய்வோம். 'விழிப்புணர்வு' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். அது டெங்கு பேரணிக்கும் ஹெல்மெட் பேரணிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி மெய்யியலுக்குத் திரும்பாது. 'பிரக்ஞை' சிற்றிதழ் வாசகர்களுக்குப் பழக்கம். அதைத் தாண்டிப் பரவவில்லை. 'நனவு' எனக்குப் பிடித்திருக்கிறது. நனவிலி, நனவோடை என்று ஏற்கெனவே அது கிளைவிட்டிருக்கிறது. சைவ சித்தாந்தம் சொல்லும் ஐந்து அவத்தைகளையும், அதாவது உயிரின் நிலைகளையும், நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று தமிழில் சொல்லும் வழக்கமும் உண்டு. ஐயா சொன்ன 'துரியம்' அந்த வரிசையில் நான்காவது. ஆனால் அது ஒரு நிலையின் பெயர். நமக்கு வேண்டியது நிலையின் பெயரல்ல, நிலை முடிகிற ஓரத்தின் பெயர்.

இனி அந்த ஓரம். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரியில் டீ டேஸ்டர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே விளங்கும். வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருக்கும். ஒரு கரண்டி சாற்றைச் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார். இலை கூடுதலாக நொதித்துவிட்டது, இது காயவைத்ததில் கருகியது, இது உறைபனிக் காலத்து இலை என்று சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் நிற்கிற நமக்கு எல்லாமே டீதான். அவர் நாக்கும் நம் நாக்கும் ஒரே மாதிரி நாக்குதான். அவருக்கும் வேலையில் சேர்ந்த புதிதில் எல்லாமே டீயாகத்தான் இருந்திருக்கும். வருடக்கணக்கில் குடித்துத் துப்பி, முன்பு ஒன்றாக இருந்ததை அவர் இரண்டாகவும் நான்காகவும் உணர்கிறார். நனவின் ஓரம் அங்கே உண்மையாகவே தள்ளிப்போயிருக்கிறது.

இந்த ஓரத்தை அளக்க முடியும் என்று காட்டியவர் ஜெர்மன் அறிஞர் ஃபெக்னர், 1860-ல். எவ்வளவு கூடினால் ஒரு வேறுபாடு மனத்துக்கு எட்டும் என்பதே அவர் கேள்வி. இயற்பியல் பாடநூலில் 'பயன்தொடக்க அதிர்வெண்' என்று, அதற்குக் கீழே போனால் விளைவே இல்லை என்கிற குறைந்தபட்ச அளவைப் படிக்கிறோமே, அதே கருத்துதான். ஆனால் 'பயன்தொடக்கம்' கருவிக்குப் பொருந்துகிற அளவுக்கு மனிதருக்குப் பொருந்தவில்லை.

இதே ஆராய்ச்சி நம் மலைக்கே வந்திருக்கிறது. 1901-02-ல் நீலகிரிக்கு வந்த ஆங்கிலேய மானிடவியலாளர் ரிவர்ஸ், தோடர்களின் சடங்குகளையும் உறவுமுறைகளையும் மட்டும் எழுதிக்கொண்டு போகவில்லை. அவர்களுடைய பார்வையையும் பிற புலன்களையும் சோதித்து 1905-ல் வெளியிட்டார். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகளில், ஒன்றுக்கு உள்நோக்கியும் மற்றதற்கு வெளிநோக்கியும் அம்புமுனை போட்டால் ஒன்று நீளமாகத் தெரியும் அல்லவா? அந்த மயக்கத்தில் தோடர்கள் ஆங்கிலேயர்களைவிடக் குறைவாகவே ஏமாந்தார்கள். ஏன் என்பதில் விவாதம் இன்னும் ஓயவில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: நனவின் ஓரம் எல்லா மனிதருக்கும் ஒரே இடத்தில் போடப்பட்ட கோடல்ல.

ஆகவே பயிற்சியாலும் வாழ்க்கையாலும் நகர்கிற ஓரத்துக்கு நனவு விளிம்பு என்று முன்வைக்கிறேன்.

'விளிம்புநிலை மக்கள்' நினைவுக்கு வருமே என்றார் கொடைக்கானல் அம்மா. வரும். ஆனால் பாறை விளிம்பு, பாத்திர விளிம்பு என்று வீட்டிலும் மலையிலும் அந்தச் சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது, குழம்பாது. தவிர, வினைச்சொல்லோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். விளிம்பில் நிற்கலாம், விளிம்பைத் தொடலாம், விளிம்பு தள்ளிப்போகும். 'வரம்பு' என்று போடலாமே என்றால், வரம்பைத் தமிழில் என்ன செய்கிறோம்? மீறுகிறோம். அது திட்டு. வளர்கிற பிள்ளையை 'வரம்பு மீறியது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அம்மாவே தந்த 'தொடுவானம்' அழகான சொல், ஆனால் எவ்வளவு நடந்தாலும் கிட்டாதது. டேஸ்டருக்குக் கிட்டியிருக்கிறதே!

வரம்பு வீணாக வேண்டாம், அதற்கும் இடம் இருக்கிறது. முதுமலையில் யானைகள் 20 ஹெர்ட்ஸுக்கும் கீழான ஒலியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். எவ்வளவு பழகினாலும் நம் காதுக்கு அது கேட்காது. கருவி வைத்தால் பதிவாகும். இது உடம்பு போட்ட வரம்பு, புலன் வரம்பு. சரி, பதிவையும் கேட்டாயிற்று, அலை வடிவத்தையும் பார்த்தாயிற்று. அந்த யானைக்கு அந்த அழைப்பு உள்ளே எப்படி இருக்கிறது? அதற்குப் பயிற்சியும் இல்லை, கருவியும் இல்லை. இங்கேதான் அறிவெல்லை என்ற சொல் வேண்டும்.

ஜெர்மன் மெய்யியலாளர் காண்ட் 1783-ல் இதைத்தான் பிரித்தார். கணிதம் முடிவில்லாமல் விரியும். அதன் முன் இருப்பது ஷ்ராங்கெ, இன்னும் போகாத தூரம் மட்டுமே. மெய்யியல் போய்த் தொடுவது கிரென்ட்ஸெ; அதற்கு அப்பால் ஏதோ இருக்கிறது என்று அந்தக் கோடே காட்டும், அது என்னவென்று மட்டும் அறிய முடியாது. ஜெர்மனில் இரண்டு சொல் இருக்கும்போது தமிழில் ஒன்றை வைத்து ஒப்பேற்றக் கூடாது.

இதில் எனக்கு இவ்வளவு பிடிவாதம் ஏன் என்றால், இரண்டையும் குழப்புவதால் ஆட்கள் அடிபடுவதைப் பார்க்கிறேன். 'எனக்குக் கணக்கு வராது' என்று எட்டாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை முடிவு கட்டுகிறது. விளிம்பை எல்லை என்று நம்பிவிட்டது. இன்னொரு பக்கம், மனத்துக்கு எல்லையே இல்லை என்று சொல்லிப் பணம் வாங்குகிற முகாம்கள். அங்கே எல்லையை விளிம்பு என்று விற்கிறார்கள். போனவர்கள் குறை தங்களிடம்தான் என்று நொந்து திரும்புகிறார்கள். அடுத்தவர் மனம் நமக்கு முழுதாக எட்டாது என்பதை ஏற்பதும் வளர்ச்சிதான். அதை ஏற்றவர்தான் அடுத்தவரிடம் 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பார்.

அப்புறம், அத்தியாயத் தலைப்பில் 'ஆளுமை வளர்ச்சி' வேண்டாம். அது நேர்முகத் தேர்வுப் பயிற்சி ஆகிவிட்டது. 'அகவளர்ச்சி' போடலாமா? இதற்கும், நனவு விளிம்பு, புலன் வரம்பு, அறிவெல்லை என்ற மூன்று சொற்களுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அம்மா கையெழுத்துப்படியை அனுப்புவதற்குள் முடிவு தெரிந்தால் நல்லது.

அன்புடன்,
கோத்தகிரியிலிருந்து